திரை தந்த பிள்ளை

மாமல்லபுரத்துக் கடற்கரையில் மாலைப்பொழுதில் நின்று நோக்குவோர் இருவேறு உலகங்களை ஒருங்கே காண்பர். ஒருபுறம் அசையாத கல்லின் உலகம்; குன்றைக் குடைந்த குகைகளும், ஒற்றைக் கல்லில் வடித்த தேர்களும், இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலும் அங்கே நிற்கின்றன. மறுபுறம் ஒரு நொடியேனும் ஓயாத அலையின் உலகம். முற்காலத்தில் இக்கரை பெரியதொரு துறைமுகமாக விளங்கிற்று. பொன்னும் மணியும் களிறும் ஏற்றிய கலங்கள் இங்கு வந்துபோயின என்பதைத் திருமங்கையாழ்வார் பாடலால் அறிகின்றோம்.

கடல் வழியே வந்த பொருளைப் பெறுவது எளிது. பொன்னுக்கு ஊரில்லை, யார் கைக்குப் போயினும் அது பொன்னே. ஆனால், ஒரு நாட்டுப் பிள்ளை மற்றொரு நாட்டு வீட்டுக்கு மகவாகச் செல்லுமாயின் அது அத்துணை எளிதன்று. பிள்ளைக்குத் தன்னை வளர்த்தவள் முகம் தெரியும். அவள் குரல் தெரியும். தான் உறங்கிய பாயின் மணமும் தெரியும். அத்தகைய பிள்ளையை 'என் பிள்ளை' என்று சொல்லும் உரிமை ஒருவர்க்கு எவ்வாறு வருகின்றது? பெற்றோராக வருபவரும் பிள்ளையும் முதன்முதல் சந்திக்கும் நாளில் செய்யத்தக்கது யாது? செங்கற்பட்டும் காஞ்சியும் மாமல்லபுரமும் அடங்கிய தொண்டை நாடு இவ்வினாவைப் பழங்காலந்தொட்டே அறியும். அந்நாட்டுப் பழங்கதை ஒன்றையும், வரலாறு ஒன்றையும் முதலில் கண்டு, பின்னர் நம் காலத்து நடைமுறைக்கு வருவோம்.

காஞ்சியிலிருந்து ஆண்ட பழந்தமிழ் மன்னருள் ஒருவன் தொண்டைமான் இளந்திரையன். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை அவன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனாரால் பாடப்பட்டது. நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினமும், இரவில் கலங்களை அழைக்கும் விளக்கேற்றிய உயர்ந்த மாடமும் அந்நூலில் பேசப்படுகின்றன. அப்பட்டினம் மாமல்லபுரமே எனக் கருதும் அறிஞரும் உளர்.

இந்நூலுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் இளந்திரையன் பிறப்பைப்பற்றி ஒரு கதை கூறுகின்றார். சோழன் ஒருவன் நாகர் நாட்டுக்குச் சென்று அரசன் மகளை மணந்தான். அவளைப் பிரிந்து தன் நாடு திரும்பும்போது, பிறக்கும் மகனைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடும்படியும், அவன் கரை சேர்ந்தால் அவனுக்கு நாடளிப்பதாகவும் சொல்லிச் சென்றான். அவ்வாறே விடப்பட்ட குழந்தையை அலை சுமந்து வந்து கரையில் சேர்த்தது. திரை கொணர்ந்தமையால் திரையன் எனவும், தொண்டைக் கொடி பூண்டு வந்தமையால் தொண்டைமான் எனவும் அவன் பெயர் பெற்றான்.

மணிமேகலையும் இதனையொத்த கதையொன்றைச் சொல்லுகின்றது. ஆனால், அதில் இன்பமான முடிவு இல்லை. நாக நாட்டு இளவரசி பீலிவளை தன் குழந்தையைக் கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் ஒப்படைத்தாள். குழந்தையை ஏற்றிவந்த கலம் இரவில் உடைந்தது, குழந்தையைக் காணவில்லை. சோழ மன்னன் தான் முகங்கண்டறியாத அம்மகனைத் தேடித் திரிந்த துயரத்தில் இந்திர விழாவை மறந்தான். அதனால் புகார் நகரைக் கடல் கொண்டது. கண்ணால் காணாத பிள்ளையின்மீதும் ஒருவன் இத்துணை அன்பு வைத்தல் கூடும் என்பதை அக்கதை உணர்த்துகின்றது. பிள்ளையின் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் இக்காலத்துப் பெற்றோர்க்கு அம்மன்னனின் மனநிலை நன்கு விளங்கும்.

இக்கதைகள் இரண்டிலும் அரசன் பேசுகின்றான், அரசி பேசுகின்றாள். குழந்தை என்ன எண்ணிற்று என்று எவரும் கேட்கவில்லை. தாயின் மடியை விட்டு அலையின் மடிக்கு வந்த அது எவ்வளவு அழுதிருக்கும்! தொண்டைக் கொடி தந்தைக்கு அடையாளமாயிற்று. குழந்தைக்கு அது வெறுங்கொடிதானே? தந்தை தன் மகனை அறிந்துகொண்டான். மகன் தன் தந்தையை எதைக்கொண்டு அறிவான்?

கதையில் கேட்கப்படாத பிள்ளையின் குரல் வரலாற்றில் ஒருமுறை கேட்டது. அதுவும் இதே தொண்டை நாட்டை ஒட்டி நிகழ்ந்தது. ஏறத்தாழ கி.பி. 731-ஆம் ஆண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான். சிம்மவிட்டுணு வழியில் வந்த அரசர் வரிசை அவனோடு நின்றது. நாடு தலைவனின்றித் தளர்ந்தது. பல்லவர் குடியின் மற்றொரு கிளை, சிம்மவிட்டுணுவின் தம்பி பீமவர்மன் வழியில், தொலைவில் ஓரிடத்தில் வாழ்ந்து வந்தது. அவ்விடம் கடல் கடந்த கிழக்கு நாடுகளுள் ஒன்று என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர்; மலைகளுக்கு அப்பாற்பட்ட உள்நாடு என வேறு சிலர் கருதுவர். அக்கிளையின் தலைவனாக அப்போது இருந்தவன் இரணியவர்மன். காஞ்சியிலிருந்து ஒரு குழுவினர் அவனை நாடிச் சென்றனர். கடிகை என்னும் கல்லூரியைச் சேர்ந்த சான்றோரும், குடிமக்களின் சார்பாளரும் அதில் இருந்தனர்.

அங்கு நடந்ததை இன்றும் நாம் கண்ணால் காணலாம். காஞ்சிபுரத்து வைகுண்டப் பெருமாள் கோயிலில் கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்று மாளிகையின் சுவர்களில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. சில சிற்பங்களின் கீழே விளக்க வாசகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இச்சிற்பங்களை ஆராய்ந்து விளக்கியவர் டாக்டர் மீனாட்சி அம்மையார். அவர் 1940-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் மறு ஆண்டில் தொல்லியல் துறையினரால் வெளியிடப்பட்டது.

வந்தவர்களை இரணியவர்மன் வரவேற்று, வந்த காரணம் வினவினான். அவர்கள் தங்கள் நாட்டின் நிலையைக் கூறி, அரசனாக ஒரு மைந்தனை வேண்டினர். அவனுக்குச் சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன், பல்லவமல்லன் என மைந்தர் நால்வர். தந்தை அவர்களை அழைத்து, 'உங்களில் போகத்தக்கவர் யார்?' என்று கேட்டான். மூத்தவர் மூவரும் போக மாட்டோம் என மறுத்தனர். இளையவனாகிய பல்லவமல்லன், 'நான் போவேன்' என்றான். அவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

தந்தையின் மனம் கலங்கிற்று. இத்துணைச் சிறிய மகனை எங்ஙனம் அனுப்புவது என்று அவன் தயங்கினான். தரணிகொண்ட போசர் என்னும் முதியவர், இப்பிள்ளை பேரரசனாவான் எனச் சொல்லி அவனைத் தேற்றினார். பின்னர்ச் சிறுவன் மலையும் ஆறும் காடும் கடந்து வந்தான். எதிர்கொண்டவர்கள் அவனை யானைமேல் ஏற்றிக் காஞ்சிக்கு அழைத்துச் சென்றனர். அங்கு நந்திவர்மன் என்னும் பெயரோடு அவன் முடிசூடினான்.

இந்நிகழ்ச்சியில் போற்றத்தக்கவை இரண்டு உண்டு. ஒன்று, பிள்ளைகளை வினவியது. போக மறுத்த மூவரையும் எவரும் வற்புறுத்தியதாக அவ்வாசகங்கள் கூறவில்லை, இசைந்தவனே வந்தான். மற்றொன்று, பழைய பெயரை அழிக்காமல் வைத்திருந்தது. காஞ்சி அவனுக்கு நந்திவர்மன் என்னும் புதுப்பெயரைத் தந்தது. ஆயினும், தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பல்லவமல்லன் என்னும் பெயராலேயே அவன் இறுதிவரை புகழப்பட்டான். அவனுடைய 21-ஆம் ஆட்சியாண்டைச் சுட்டும் உதயேந்திரம் செப்பேடு அவனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்கின்றது. 22-ஆம் ஆண்டில் வழங்கிய காசாக்குடிச் செப்பேடோ அவனைப் பெற்ற தந்தை இரணியவர்மன் என்பதையும், அவன் முன்னோர் பீமவர்மன் வழியினர் என்பதையும், குடிமக்களே அவனைத் தேர்ந்தனர் என்பதையும் எடுத்துரைக்கின்றது. ஏற்ற குடி அவனைத் தன் மகன் என்றது. பெற்ற குடியையும் அது மறைக்கவில்லை.

வந்த பிள்ளைக்கு வாழ்வு எளிதாக அமைந்துவிடவில்லை. ஏறத்தாழ கி.பி. 740-இல் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். பின்னொரு காலத்தில், சித்திரமாயன் என்பவனுக்குத் துணையாக எழுந்த தமிழரசர் பல்லவமல்லனை நந்திபுரத்தில் முற்றுகையிட்டனர். படைத்தலைவன் உதயசந்திரன் விரைந்து சென்று அவனை மீட்டான். 'எங்கிருந்தோ வந்தவன்' என்னும் ஏச்சு அவன் காதில் எத்தனை முறை விழுந்ததோ! ஆயினும், அவன் நிலைத்தான். மாமல்லபுரத்துக் கல்வெட்டொன்று அவனுடைய 65-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கின்றது. பன்னிரண்டு வயதில் வந்த பிள்ளை எழுபது வயதைக் கடந்து வாழ்ந்து, அந்நாட்டின் முதியவனாகவே மறைந்தான்.

இவ்வரலாறு உயர்ந்ததே; ஆயினும், இதிலும் ஒன்று எண்ணத்தக்கது. நாட்டுக்கு அரசன் வேண்டியிருந்தமையால் சிறுவன் தேடப்பட்டான். சிறுவனுக்கு வீடு வேண்டியிருந்தமையால் அன்று. நம் முன்னோர் பின்பற்றிய சுவீகார முறையும் பெரும்பாலும் இத்தகையதே. குலம் விளங்கவும், கடன் கழிக்கவும், சொத்தைக் காக்கவும் ஆண்மகனையே தத்தெடுத்தனர். பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்பதும், மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் உரிமையிலேயே தத்தெடுக்கலாம் என்பதும் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தால் நிலைபெற்றன. பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளையைத் தேடியது பழைய முறை. வீடு இல்லாத பிள்ளைக்கு வீட்டைத் தேடுவது புதிய முறை. சொற்கள் இடம் மாறியதுபோலத் தோன்றினாலும், அறம் இங்கே ஒரு படி உயர்ந்திருக்கின்றது.

ஒரு நாட்டுக் குழந்தையை மற்றொரு நாட்டார் தத்தெடுக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்கும், 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போருக்கும் பின்னர் உலகில் பெருகிற்று. ஆதரவற்ற பிள்ளைகள் பலர் அதனால் வாழ்வு பெற்றனர். ஆனால், நல்ல வழியில் தீயவரும் நடப்பர் அன்றோ? குழந்தையைக் காட்டிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்களும் தோன்றினர். இதனைத் தடுக்க வேண்டி, 1982-இல் இலட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் இந்திய உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 1984-இல் நீதியரசர் பகவதி வழங்கிய தீர்ப்பு நெறிமுறைகளை வகுத்தது. குழந்தைக்கு முதலில் சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பத்தைத் தேட வேண்டும். அது கிட்டாதபோதே பிறநாட்டுக் குடும்பத்தை நாட வேண்டும் என்பது அந்நெறிகளுள் தலையாயது. மத்திய தத்தெடுப்பு அமைப்பு 1990-இல் ஏற்பட்டது. நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் 1993-இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கையை இந்தியா 2003-இல் உறுதி செய்து ஏற்றுக்கொண்டது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையின் வயதுக்கும் அறிவு வளர்ச்சிக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும் என்கின்றது. இரணியவர்மன் அவையில் பல்லவமல்லனை நோக்கி எழுந்த வினா, இன்று சட்டத்தின் வினாவாகிவிட்டது.

விரைந்து கொடுப்பதே கருணை என எண்ணுவது தவறு என்பதை இக்கடற்கரை ஒருமுறை கண்டது. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. மாமல்லபுரத்தருகே கடல் பின்வாங்கி, மறைந்திருந்த பாறைகளை ஒரு கணம் காட்டிப் பின் பொங்கி எழுந்தது. கரையோரச் சிற்றூர்களில் பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்தனர். அவர்களைத் தத்தெடுக்கப் பல திசைகளிலிருந்தும் அன்புள்ளம் கொண்டோர் முன்வந்தனர். ஆனால், அரசு அவசரப்படவில்லை. இழந்த பெற்றோர் உயிரோடு இருத்தல் கூடும். பாட்டியோ மாமனோ தேடிக்கொண்டிருத்தல் கூடும். ஆதலால், உறவினரைத் தேடுவதே முதற்கடமை எனக் கொண்டு, நாகப்பட்டினம் முதலிய இடங்களில் பிள்ளைகளுக்கு இல்லங்களை அமைத்தது. கடல் தந்த பிள்ளையாயினும், கடலால் உறவிழந்த பிள்ளையாயினும், அதற்கு முன்கதை ஒன்று உண்டு. அதனைக் கேட்டறியாமல் பின்கதையைத் தொடங்குதல் ஆகாது.

சட்டம் இத்தனையும் செய்தபின் ஒரு நாள் வருகின்றது. அன்று சட்டம் வாயிற்படியில் நின்றுவிடும். மனிதரே உள்ளே செல்ல வேண்டும். அந்த நாளை நாம் கற்பனையில் கண்டு பார்ப்போம்.

செங்கற்பட்டை அடுத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்று இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். கடல் கடந்த நாட்டிலிருந்து கணவனும் மனைவியும் வந்திருக்கின்றனர். அவர்கள் ஏறிவந்த கார் கொளவாய் ஏரிக் கரையைக் கடக்கின்றது. ஏரியின் அழகு அவர்கள் கண்ணில் படவில்லை. மனைவியின் கைப்பையில் ஒரு படம் இருக்கின்றது. இரண்டு வயதுப் பெண் குழந்தையின் படம் அது. எத்தனையோ இரவுகள் அதைப் பார்த்துப் பார்த்து, குழந்தையின் புருவத்தருகே உள்ள சிறு வடுவைக்கூட அவள் மனப்பாடம் செய்திருக்கின்றாள். 'வா', 'தண்ணீர்', 'சோறு', 'வலிக்கிறதா' எனத் தமிழ்ச் சொற்கள் பத்தையும் கற்று வந்திருக்கின்றாள். குழந்தை தன்னைக் கண்டதும் கைநீட்டி ஓடிவரும் எனக் கனவும் கண்டிருக்கின்றாள்.

இல்லத்தின் முற்றத்தில் வேப்பமர நிழலில் அக்குழந்தை ஆயாவின் மடியில் இருக்கின்றது. புதியவர்களைக் காண்கின்றது. ஒரு கணம் உற்றுப் பார்க்கின்றது. மறு கணம் ஆயாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுகின்றது.

வந்தவளின் நீட்டிய கைகள் நீட்டியபடியே நிற்கின்றன. அவள் கண்களில் நீர் நிறைகின்றது. "நான் இவளுக்குப் பிடிக்காதவள் ஆகிவிட்டேனா?" என்று கேட்கின்றாள். உடன் வந்தவர் அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, ஆயா சிரிக்கின்றாள்.

"அப்படி நினைக்காதீர்கள், அம்மா. இந்தப் பிள்ளை வந்தபோது அழவே அழாது. யார் தூக்கினாலும் போகும். பார்க்கிற எங்களுக்கு வயிறு கலங்கும். இப்போது என்னைவிட்டு வரமாட்டேன் என்று அழுகிறதே, அது நல்லது. என்னிடம் ஒட்டிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை நாளைக்கு உங்களிடமும் ஒட்டிக்கொள்ளும். இப்போது தூக்க வேண்டா. இங்கே என் பக்கத்தில் உட்காருங்கள்" என்கின்றாள்.

படிப்பறியாத அந்த ஆயா சொன்னதையே படித்த அறிஞரும் சொல்லியிருக்கின்றனர். ஜான் பௌல்பி என்னும் ஆங்கிலேய மருத்துவர், உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி வீடிழந்த குழந்தைகளைப்பற்றி ஆராய்ந்து 1951-இல் ஓர் அறிக்கை எழுதினார். உடல் வளர உணவு எவ்வளவு இன்றியமையாததோ, உள்ளம் வளரத் தாயின் அல்லது தாய்போன்ற ஒருவரின் இடையறாத அன்பும் அவ்வளவு இன்றியமையாதது என்பது அவர் கண்ட உண்மை. எவரிடத்தும் பற்றுக்கொள்ள வாய்ப்பின்றி வளர்ந்த குழந்தை எவர் பிரிந்தாலும் வருந்தாதிருத்தல் கூடும். அன்பின் சுவையை அறிந்த குழந்தையோ பிரிவால் துடிக்கும். ஆகவே, முதல் நாளில் அழும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வழுகை அவர்களை வெறுத்து எழுந்த அழுகையன்று. முன்பு பெற்ற அன்புக்குப் பிள்ளை செலுத்தும் நன்றி அது. அந்த ஆயா ஊட்டிய அன்பே புதிய தாய்க்குக் கிடைக்கும் முதற்சீர்.

நம் கற்பனைக் காட்சிக்குத் திரும்புவோம். கணவனும் மனைவியும் தரையில் அமர்கின்றனர். அவர்கள் குழந்தையைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. ஆயாவோடு பேசிக்கொண்டிருக்கின்றனர். குழந்தை எப்போது உறங்கும், எந்தப் பாட்டைக் கேட்டால் சிரிக்கும், சோற்றில் பருப்பு வேண்டுமா தயிர் வேண்டுமா என ஒவ்வொன்றாகக் கேட்டு அவள் குறித்துக்கொள்கின்றாள். அழுகை விம்மலாகின்றது, விம்மல் அடங்குகின்றது. ஈரமான ஒரு கண் ஆயாவின் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கின்றது. உதிர்ந்த வேப்பம்பழம் ஒன்றை எடுத்து, வந்தவள் தரையில் மெல்ல உருட்டிவிடுகின்றாள். குழந்தை அதையே பார்க்கின்றது. நெடுநேரம் கழித்து, மடியிலிருந்து இறங்கி, அந்தப் பழத்தை எடுத்து, தயங்கித் தயங்கி வந்து, அவள் கையில் வைத்துவிட்டு ஆயாவிடமே ஓடிவிடுகின்றது.

அன்று நடந்தது அவ்வளவே. ஆயினும், அந்த ஒரு பழத்துக்கு ஈடாகக் கலங்கள் சுமந்த பொன்னனைத்தையும் கொடுத்தாலும் போதாது. மறுநாளும் அவர்கள் வருகின்றனர். அதற்கு மறுநாளும் வருகின்றனர். பிரியும் நாளில், குழந்தை போர்த்துறங்கிய பழம்புடைவைத் துண்டு ஒன்றை ஆயா மடித்துக் கொடுக்கின்றாள். "இதைத் துவைத்துவிடாதீர்கள், அம்மா. இதில் இவளுக்குத் தெரிந்த வாசனை இருக்கிறது" என்கின்றாள். தொண்டைக் கொடி தந்தைக்கு மகனை அடையாளம் காட்டிற்று. இந்தத் துணியோ, தான் இன்னும் பழைய உலகத்தை முற்றும் இழந்துவிடவில்லை என்பதைக் குழந்தைக்கு அடையாளம் காட்டும்.

இத்தகைய தத்தெடுப்பில் 2021-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரே ஆணை வழங்குகின்றார். அவ்வாணை பிறந்த நாள்முதல், குழந்தை எல்லா உரிமைகளிலும் அவர்கள் வயிற்றில் பிறந்த மகவுக்கு ஒப்பாகும். அதன்பின்னும் கண்காணிப்பு நின்றுவிடுவதில்லை. பிறநாடு சென்ற பிள்ளையின் நலத்தை முதலாண்டில் மூன்று திங்களுக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு திங்களுக்கு ஒருமுறையும் அறிந்து தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால், ஆணையால் வருவது உரிமை. உறவு வருவது பொறுமையால். ஆட்சியரின் கையெழுத்து ஒரு நொடியில் முடியும். பிள்ளை தானே வந்து மடியில் அமரும் நாளுக்குக் கணக்கில்லை. அதுவரை காத்திருக்க வல்லவரே பெற்றோர் எனப்படுவர்.

அப்பிள்ளை வளர்ந்து ஒருநாள், 'நான் எங்கிருந்து வந்தேன்?' என்று கேட்கும். அதனைக் கேட்டுப் பெற்றோர் முகம் வாடுதல் வேண்டா. உண்மையை மறைத்தலும் வேண்டா. பிள்ளையின் பிறப்பைப்பற்றிய செய்திகளைப் போற்றிக் காக்க வேண்டும் என ஹேக் உடன்படிக்கையும் வற்புறுத்துகின்றது. காசாக்குடிச் செப்பேட்டில் பெற்ற குடியின் பெயரைப் பொறித்தமையால் பல்லவமல்லனின் அரசு குறைந்துவிடவில்லையே! இரண்டு வீடுகளை உடைய பிள்ளைக்கு ஒன்றைக் காட்டி ஒன்றை மறைப்பவர், பாதிப் பிள்ளையையே ஏற்றவராவர்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில், உங்கள் தெருவில், இவ்வாறு வந்த பிள்ளை ஒருவன் இருத்தல் கூடும். 'நீ இந்த வீட்டுப் பிள்ளையா?' என்று விளையாட்டாகவும் கேளாதீர்கள். காஞ்சியின் அரியணையில் அமர்ந்தவனே வேற்றிடத்திலிருந்து வந்தவன். அவனையும் இந்நாடு தன் மகன் என்றே சொல்லிற்று. மாமல்லபுரத்துக் கரையில் அலைகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. அலை பிள்ளையைக் கரையில் சேர்ப்பதோடு அதன் வேலை முடிகின்றது. குனிந்து எடுத்து, அழுகை ஓயும்வரை அருகிருந்து, அதன் முன்கதையையும் தன் கதையாக ஏற்றுக்கொள்வதே மனிதர் வேலை.